சாயவேரின் கதையை எழுதிவைத்த பாதிரியார்



சித்திரப் பாட வேளையில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வண்ணத்தில் தோய்த்து, வெள்ளைத் தாளில் ஒற்றி எடுத்திருப்பீர்கள். பூ மாதிரி அழகாக விழும். ஆசிரியரும் ‘நன்று’ என்று எழுதிக் கொடுத்திருப்பார். அதே வெண்டைக்காயை உங்கள் வெள்ளைச் சட்டையில் ஒற்றினால் என்ன ஆகும்? (ஒற்றிப் பார்த்துவிட்டு, சார்தான் சொன்னார்னு வீட்டில் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்!) பூ நன்றாகத்தான் விழும். ஆனால் ஒரே ஒரு சலவைதான். பூவெல்லாம் சவர்க்காரத் தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போய்விடும்.

நான் சின்னப் பிள்ளையாகத் தோட்டத்தில் இருந்தபோது, ஒரு தீபாவளிக்கு அம்மா டவுனில் ஒரு கடையிலிருந்து சிவப்புப் பூப்போட்ட சீட்டித்துணி வாங்கி வந்தார். தங்கைக்குப் பாவாடை தைத்தார்கள். பண்டிகை முடிந்து துவைத்தபோது அந்தச் சிவப்பு முழுவதும் இறங்கி, கூட ஊறிய அப்பாவின் வெள்ளை வேட்டியைக் குங்குமக் கலராக்கிவிட்டது. லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. சாயம் துணியில் ஒட்டுவது வேறு, துணியைப் பிடித்துக்கொள்வது வேறு. இந்த இரண்டாவது வித்தையைப் பருத்தித் துணியில் உலகத்திலேயே நன்றாகச் செய்து காட்டியவர்கள் யார் தெரியுமா? நம் சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள். அவர்கள் செய்ததை அருகிருந்து கேட்டு, படிப்படியாக எழுதி, ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஒரு மனிதரின் வாழ்க்கையைத்தான் இந்த ஆண்டு பரிசளிப்பு விழா மலரில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் காஸ்தோன் லொரான் கேர்தூ. பிரெஞ்சுக்காரர். எழுதும்போது எழுத்துகள் நிறைய வரும், சொல்லும்போது பாதி காணாமல் போய்விடும். பிரெஞ்சுப் பெயர்கள் அப்படித்தான். மொழியாராய்ச்சி செய்பவர்கள் நடுவில் பெரிய பெயர். துணிச்சாயத்தின் வரலாறு எழுதுபவர்கள் நடுவில் அதைவிடப் பெரிய பெயர்.

1691ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பிரான்சின் நடுப்பகுதியில் இருக்கும் பூர்ஜ் என்ற ஊரில் பிறந்தார். 1715இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1732இல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது. இனி திரும்பிப் போவதில்லை என்ற முடிவோடு வந்தவர் போலும். பிறகு 47 ஆண்டுகள் அங்கேயே இருந்து அந்த மண்ணிலேயே கண்மூடினார். தெலுங்கு பேசும் பகுதிகளிலும் புதுச்சேரியிலும் அவர் காலம் கழிந்தது. தெலுங்கு படித்தார், சமஸ்கிருதம் படித்தார். தெலுங்குக்கு அகராதி தொகுத்தார். அவருடைய சமயப் பணியை இங்கே நான் சொல்ல வரவில்லை. அது வேறு கதை.

இப்போது ஐரோப்பாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்துவிட்டு வருவோம். அப்போதுதான் கேர்தூ செய்த காரியத்தின் கனம் தெரியும்.

இந்தியப் பூந்துணி ஐரோப்பாவுக்குப் போய் இறங்கியதும் அங்குள்ள மக்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. அவர்களிடம் கம்பளி உண்டு, பட்டு உண்டு, சணல் உண்டு. ஆனால் இவ்வளவு மெல்லிய பருத்தித் துணியில், இத்தனை நிறத்தில் பூவும் கொடியும் பறவையும் போட்டு, எத்தனை முறை துவைத்தாலும் போகாமல் நிற்கிற துணியை அவர்கள் கண்டதில்லை. துவைக்கத் துவைக்க நிறம் தெளிந்தது. ராணி முதல் வேலைக்காரி வரை இதைத்தான் உடுத்தினார்கள். உள்ளூர் நெசவாளர்களுக்கு வயிற்றெரிச்சல். ஏன் இருக்காது? பிழைப்பு போகிறதே! பிரான்சு அரசாங்கம் 1686இல் இந்தியப் பூந்துணியை இறக்குமதி செய்யவும் கூடாது, அதைப் பார்த்து உள்நாட்டில் அச்சிடவும் கூடாது என்று தடை போட்டது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடுத்தது. 1719இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, பூந்துணி உடுத்தி வந்த பெண்களின் கவுன்களை நடுத்தெருவிலேயே கிழித்தார்கள். தடை போட்டால் ஆசை குறையுமா? கூடத்தான் செய்தது. கள்ளக்கடத்தல் வளர்ந்தது.

இதைச் செய்வது எப்படி என்று தெரிந்துகொண்டால் நாமே செய்துகொள்ளலாமே என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. 1734இல் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயக்காரரைத் தம் கண்முன் துணி தீட்டச் செய்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்தான். அந்தத் துண்டுகள் அவர் எழுதிய குறிப்போடு பாரிஸ் நகரில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அது கையெழுத்துப் பிரதி. சிலர் கண்ணில்தான் பட்டது.

கேர்தூ செய்தது வேறு. 1742ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், சோழமண்டலக் கரையிலிருந்து, பாரிஸில் இருந்த து ஹால்ட் என்ற பாதிரியாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அது 1743இல் ஒரு தொகுப்பு நூலில் அச்சேறியது. அச்சேறிவிட்டால் ரகசியம் ஏது? காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லாரும் படித்தார்கள்.

அந்தக் கடிதத்துக்கு விஷயம் எங்கிருந்து கிடைத்தது? அவரிடம் புதிதாகச் சமயம் சேர்ந்தவர்களில் சிலர் துணி தீட்டும் தொழிலில் கைதேர்ந்தவர்கள். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவர்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். அதிலும் ஒரு தந்திரம் செய்தார். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்கவில்லை. தனித்தனியாக, வெவ்வேறு நாளில் கேட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டார். போலீஸ்காரர் விசாரிப்பது போல என்று நினைக்கிறீர்களா? நான் அப்படித்தான் நினைத்தேன். பிறகு, நல்ல ஆராய்ச்சிக்காரனும் இப்படித்தானே செய்வான் என்றும் தோன்றியது. இரண்டில் எது சரி என்று நீங்கள் பெரியவர்களானதும் சொல்லுங்கள்.

சரி, அந்தச் சாயக்காரர்கள் சொன்னதுதான் என்ன? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வேதியியல் பாடம் மாதிரி இருக்கும், ஆனால் நம் பாட்டன் பூட்டன் சமையற்கட்டுச் சாமான்களால் ஆன வேதியியல்.

முதலில் வெறும் காடாத்துணி. அதைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எருமைப்பாலின் கொழுப்பு என்ன செய்யும் தெரியுமா? பேனாவால் கோடு போடும்போது மை பரவாமல் தடுக்கும். காய்ந்த துணியை மரக்கட்டையில் வைத்து அடித்து அடித்து வழவழப்பாக்குவார்கள்.

அடுத்து சித்திரம். காகிதத்தில் படம் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, துணிமேல் விரித்து, கரித்தூள் கட்டிய சின்ன மூட்டையால் தட்டினால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். கோலத்துக்குப் புள்ளி வைப்பது மாதிரிதான்! பிறகு அந்தப் புள்ளிகளைக் கலம் கொண்டு சேர்ப்பார்கள். கலம் என்பது மூங்கில் பேனா. கூர்முனைக்குச் சற்று மேலே மயிரோ நூலோ உருண்டையாகச் சுற்றியிருக்கும். உருண்டையை மையில் தோய்த்து, விரலால் அமுக்கி அமுக்கிக் கோடு இழுக்க வேண்டும். கறுப்புக் கோட்டுக்கு மை எது? புளித்த நீரில் இரும்புத் துண்டுகளை நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுத்த நீர். அது தானாகக் கறுப்பாக இராது. கடுக்காய் ஏறிய துணியில் பட்ட மாத்திரத்தில் கறுக்கும். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு.

இப்போதுதான் பெரிய வித்தை வருகிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் சாயக்காரர் சிவப்பைத் தீட்டுவதில்லை! படிகாரம் கரைத்த தண்ணீரைத் தீட்டுவார். படிகாரத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. எங்கே தீட்டினோம் என்று அவருக்கே தெரியாமல் போய்விடும் என்பதால், பதங்கக் கட்டை ஊறிய நீரைக் கொஞ்சம் கலந்து வெளிறிய சிவப்பாக்கிக்கொள்வார். தீட்டி முடித்துக் காயவைத்துக் கழுவிய துணியைச் சாயவேர் போட்ட அண்டாவில் கொதிக்கவிடுவார். வெளியே எடுத்தால், துணி முழுவதும் ஒரு வெளிறிய சிவப்புப் படிந்திருக்கும். ஆனால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் இரத்தச் சிவப்பு! பிறகு ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் படிகாரம் படாத இடமெல்லாம் பழையபடி வெளுத்துவிடும். படிகாரம் பட்ட சிவப்பு அசையாது.

ஏன் அசையாது? படிகாரத்தில் உள்ள அலுமினியச் சத்து ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. ரப்பர்ப் பாலில் தண்ணீர் ஊற்றினால் பால் பாலாகவே இருக்கும். ஆசிட் ஊற்றினால் உறைந்து கட்டியாகிவிடும், பிறகு திரும்பப் பாலாகாது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள், சொல்வார்கள். முழுக்க முழுக்க ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பொருள் உள்ளே புகுந்து இன்னொன்றை நிலைநிறுத்துகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த உதாரணம் போதும்.

என் தங்கையின் தீபாவளிப் பாவாடையில் இல்லாமல் போனது இந்தப் பிடிப்புதான்.

சாயவேர் என்பது ஒரு சின்னச் செடியின் வேர். கடற்கரை மணலில் நன்றாக வளரும். ஒல்லியாக, நூல் மாதிரி இருக்கும். மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்தில் இந்த வேரைத் தோண்டி எடுப்பதற்கென்றே குடிகள் இருந்தார்கள், டச்சுக்காரர்கள் அதைத் தங்கள் கைக்குள் வைத்து வருமானம் பார்த்தார்கள். கேர்தூ தம் கடிதத்தில் இதற்குப் பிரெஞ்சுப் பெயர் தேடவில்லை. சாயவேர் என்ற நம் சொல்லையே பிரெஞ்சு எழுத்தில் எழுதினார். கடுக்காயையும் கஞ்சியையும்கூட அப்படியே எழுதினார். பாரிஸ்காரர்கள் தமிழ்ச் சொற்களை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

நீலத்துக்கு வழி வேறு. அவுரி நீலம் படிகாரத்துக்குக் கட்டுப்படாது. தகரை விதையும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளிக்கவைத்த தொட்டியில் துணியை முழுதாக முக்கித்தான் எடுக்க வேண்டும். அப்படியானால் துணி முழுவதும் நீலமாகிவிடாதா? ஆகும். அதனால் நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் உருகிய தேன்மெழுகால் மூடிவிடுவார்கள். பிறகு துணியை நீலச் சாயக்காரரிடம் அனுப்புவார்கள். அது தனித் தொழில், தனி ஆள். முக்கி எடுத்து, வெந்நீரில் மெழுகை உருக்கி நீக்கினால் மூடிய இடம் மூடியபடியே இருக்கும்.

இதைப் படிக்கும்போதே உங்களில் சிலர், ‘சார், இது பாத்தேக்தானே!’ என்று கத்துவீர்கள். சரிதான். மெழுகால் மறைத்துச் சாயத்தில் முக்குவதுதான் பாத்தேக்கின் உயிர். அலோர் ஸ்டார் பெக்கான் ராபுவில் தொங்குகிற பாத்தேக் சாரோங்கைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செம்புத் தகடு வளைத்துச் செய்த அச்சால் மெழுகை ஒற்றியிருப்பார்கள், அல்லது சாந்திங் என்ற குட்டி மூக்குக் கருவியால் மெழுகைக் கையாலேயே ஊற்றிக் கோடு இழுத்திருப்பார்கள். ஜாவாக்காரர்களும் மலாய்க்காரர்களும் இதைத் தங்கள் கலையாகவே வளர்த்துக்கொண்டார்கள். யார் யாரிடம் கற்றார்கள் என்று இங்கே சண்டை வேண்டாம்.

மஞ்சள் கடைசியில் வரும். கடுக்காய்ப்பூவில் எடுத்த மஞ்சளைக் கலத்தால் தீட்டுவார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை. இலை எல்லாம் அப்படி வந்ததுதான். இந்த மஞ்சள் மட்டும் மற்ற நிறங்களைப் போல உறுதியானதல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அச்சுக்கட்டையின் கதையும் இதற்குள்ளேதான் இருக்கிறது. கலத்தால் கோடு இழுக்க நாளாகும். அதே இரும்பு நீரையும் படிகார நீரையும் கொஞ்சம் பசையாக்கி, பூ செதுக்கிய மரக்கட்டையில் தொட்டு ஒற்றினால் வேலை சீக்கிரம் முடியும். மசூலிப்பட்டினத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆக, நல்ல அச்சுக்காரர் ஒற்றுவது சாயத்தை அல்ல, சாயத்தைப் பிடிக்கும் மருந்தை! நாம் வெண்டைக்காயால் ஒற்றியது சாயத்தை. அதனால்தான் வாய்க்காலுக்குப் போனது.

கேர்தூவின் கடிதம் அச்சான பிறகு என்ன நடந்தது? பொய்யுப்வாவ்ர் என்று எழுதினால் நாக்கு சுளுக்கும், புவாவ்ர் என்றே வைத்துக்கொள்வோம். பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் படித்துவிட்டு, தாம் பார்த்த திருத்தங்களைச் சொன்னார். கேர்தூ அதையும் ஏற்று இன்னொரு கடிதம் எழுதினார். இந்த புவாவ்ர் யார் தெரியுமா? டச்சுக்காரர்கள் மொலுக்கஸ் தீவுகளில் பூட்டி வைத்திருந்த கிராம்பையும் சாதிக்காயையும் மொரீசியசுக்குக் கொண்டுவரச் செய்தவர். ஒரு நாட்டின் செடியும் தொழிலும் இன்னொரு நாட்டுக்குக் கப்பலேறிய காலம் அது. ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் பாட்டனார்களுக்குச் சோறு போட்ட ரப்பர் மரமே அப்படி வந்ததுதானே! 1876இல் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதையில் முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அதனால்தான் கெடாவில் தோட்டம், அதனால்தான் லயம், அதனால்தான் இந்தப் பள்ளிக்கூடம். எடுத்துப் போவது எல்லாம் தப்பு என்று நாம் சட்டென்று சொல்லிவிட முடியாத இடத்தில் நிற்கிறோம்.

1759இல் பிரான்சு தடையை நீக்கியது. மறு ஆண்டே, 1760இல், ஓபர்காம்ப் என்பவர் பாரிசுக்குப் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் துணி அச்சிடும் தொழிலைத் தொடங்கினார். அது பெரிய தொழிற்சாலையாகி நாடெங்கும் புகழ்பெற்றது. அயர்லாந்தில் நிக்சன் என்பவர் 1752இல் செப்புத் தகட்டில் கோடு செதுக்கித் துணியில் அச்சிட்டுக் காட்டினார். 1783இல் தாமஸ் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்தத் தகட்டை உருளையாக்கினார். உருளை சுற்றச் சுற்றத் துணி ஓடியது, பூ விழுந்துகொண்டே இருந்தது. ஒரு சாயக்காரர் கலத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் குனிந்திருந்து செய்ததை இயந்திரம் நிமிஷத்தில் செய்துவிட்டது. பிறகு அந்தத் துணியே கப்பலேறி இந்தியாவுக்கு வந்து மலிவாக விற்றது. 1869இல் சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்ற பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செய்யவும் கற்றுக்கொண்டார்கள். 1897இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. வேர் தோண்டியவர், அவுரி விதைத்தவர், அண்டா கொதிக்கவைத்தவர் எல்லாருக்கும் ஒவ்வொருவராக வேலை போயிற்று.

அப்படியானால் கேர்தூ ஒரு திருடரா? சில புத்தகங்களில் அப்படித்தான் தொழில் உளவாளி என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாக மனம் வரவில்லை. அவர் கடிதம் எழுதுவதற்கு முன்பே மார்செய் துறைமுகத்தில் ஆர்மீனியத் தொழிலாளிகள் துணி அச்சிட்டிருக்கிறார்கள். மஞ்சிட்டி வகை வேரும் படிகாரமும் ஐரோப்பியருக்குத் தெரியாத சரக்கு அல்ல. ஆகவே ஒரே ஒரு கடிதத்தால் நம் தொழில் அழிந்தது என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்பாதீர்கள். சட்டமும் வரியும் இயந்திரமும் துப்பாக்கியும் சேர்ந்து செய்த வேலை அது. அதோடு இன்னொன்றும் உண்டு. அந்தக் கடிதம் இல்லாவிட்டால், அந்தக் கால வேலைமுறை இவ்வளவு விவரமாக நமக்கே இன்று தெரிந்திராது. வீட்டுக்குள்ளேயே தகப்பன் மகனுக்குக் கைகாட்டிச் சொல்லிக்கொடுத்த தொழில். எழுதிவைக்கிற வழக்கம் இல்லை.

ஆனாலும் ஒரு குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேர்தூ கடிதத்தில் தம் பெயர் இருக்கிறது. பெற்றுக்கொண்ட பாதிரியார் பெயர் இருக்கிறது. கடுக்காய்க்குப் பெயர் இருக்கிறது, வேருக்குப் பெயர் இருக்கிறது. தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டாரே, அந்தச் சாயக்காரர்களின் பெயர் மட்டும் இல்லை. ஒரு பெயர்கூட இல்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர் ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா?

இதற்குப் பிறகும் கேர்தூ நீண்ட காலம் வாழ்ந்தார். 1744 முதல் 1751 வரை தம் சபையின் கர்நாடகப் பணிக்குத் தலைவராக இருந்தார். 1767இல் அவர் செய்த இன்னொரு காரியம்தான் அவரை மொழி வரலாற்றில் ஏற்றியது. சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் கிரேக்கத்திலும் ஒரே மாதிரிச் சொற்கள் ஏன் இவ்வளவு இருக்கின்றன என்று பாரிஸ் அறிஞர் கழகத்துக்கு எழுதிக் கேட்டார். தானம் என்பதற்கு லத்தீனில் தோனும், விதவைக்கு விதுவா! கடையில் கடன் வாங்குவது போல வாங்கிய சொற்கள் அல்ல இவை, மூன்று மொழிக்கும் மூலம் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1786இல், கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் இதே கருத்தைப் பேசினார். புகழ் முழுவதும் ஜோன்சுக்குப் போயிற்று. கேர்தூவின் கடிதம் பாரிஸில் ஏதோ ஒரு கட்டுக்குள் கிடந்தது. 1808இல்தான் அச்சேறியது. அப்போது அவர் இறந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய கடைசிக் காலம் சுகமானதல்ல. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1773இல் அவர் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் இருந்த இயேசு சபையையே போப்பாண்டவர் கலைத்துவிட்டார். 1778இல் புதுச்சேரி மறுபடியும் ஆங்கிலேயர் வசம் விழுந்தது. மறு ஆண்டு, 1779 ஜூன் 15ஆம் நாள், எண்பத்தேழு வயதில், அந்தப் புதுச்சேரியிலேயே இறந்தார்.

கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். இனிதான் வேடிக்கை.

துய்ப்வா என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1792இல் இந்தியா வந்தார். இந்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதியிருப்பதாகச் சொல்லி, கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். அது 1816இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் அதை வேதம் மாதிரிப் படித்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அது துய்ப்வா நூல். 1987இல் சில்வியா மூர் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியை வெளியிட்டுக் காட்டினார். துய்ப்வா நூலின் பெரும்பகுதி கேர்தூ எழுதியதிலிருந்து எடுத்தது! அந்த நூலில் கேர்தூவின் பெயர் இல்லை.

சாயக்காரர்கள் சொன்னதை அவர்கள் பெயரில்லாமல் கேர்தூ எழுதினார். கேர்தூ எழுதியதை அவர் பெயரில்லாமல் துய்ப்வா விற்றார். ஒரு வித்தியாசம் உண்டு. கேர்தூவின் பெயரை இருநூறு ஆண்டு கழித்தாவது ஒருவர் தேடி எடுத்துக் கொடுத்தார்.

உங்களில் சிலர் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். அங்கே கல் இருக்கும், மணி இருக்கும், உடைந்த பானை இருக்கும். துணி இராது. இந்த மழையிலும் மண்ணிலும் துணி எத்தனை நாள் தாங்கும்? ஆனால் துணி வந்திறங்கிய கரை இது. கேர்தூ கடிதம் எழுதிய காலத்திலும் சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சோழமண்டலத் துணிமூட்டைகளோடு கெடாவுக்கு வந்து, ஈயமும் யானையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் முன்னோர் பால்மரம் வெட்ட வருவதற்கு எவ்வளவோ முன்பே அந்தச் சாயக்காரர்களின் கைவேலை இங்கே வந்து மலாய்க்காரர் இடுப்பிலும் தோளிலும் ஏறிவிட்டது. இன்றும் மலாய்மொழியில் பூந்துணிக்குக் காயின் சீத்தா என்றுதான் பெயர். நம் சீட்டித்துணியின் உடன்பிறப்பு. கட்டம் போட்ட காயின் பெலிக்காட் இருக்கிறதே, அது அச்சு அல்ல, நெசவு. ஆனால் அந்தப் பெயர் பழவேற்காட்டின் பெயர்.

தொழில் அடியோடு அழிந்துவிடவும் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கருப்பூர்க் கலம்காரிக்காரர்கள் சில குடும்பங்கள் இன்றும் கோயில் துணிகளைத் தீட்டுகிறார்கள். 2021இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆந்திராவில் காளஹஸ்தியில் இன்னும் கலத்தாலேயே கோடு இழுக்கிறார்கள்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கேர்தூ காலத்துச் சோழமண்டலக் கட்டில் விரிப்புகள் இருக்கின்றன. படத்தில் பார்த்தாலே போதும். நடுவில் ஒரு பெரிய மரம், கிளை கிளையாகப் பூ. அந்த மாதிரிப் பழந்துணிகளில் பல இலைகள் பச்சையாக இரா, நீலமாக இருக்கும். ஏன் என்று இப்போது உங்களுக்குச் சொல்லத் தெரியும். கடைசியில் தீட்டிய மஞ்சள் காலப்போக்கில் போய்விட்டது, அடியில் இருந்த நீலம் மட்டும் நிற்கிறது. பூக்களைப் பாருங்கள். பெயர் தெரியாத அந்தக் கை படிகாரம் தொட்டு வைத்த இடங்களில் எல்லாம் சிவப்பு அப்படியே இருக்கிறது.